கோழிக்குக் கண் வீங்கினால்...

முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளத்தோடு குடும்பம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன், கோழியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று வாசக அன்பர்கள் நினைக்கலாம். நியாயம்தான். நான் படித்தது சிவில் டிப்ளமோ. கால்நடை மருத்துவம் அல்ல. ஆனாலும் நாக்பூரில் நம்மவர்கள் பலர் ஓய்வுக்குப் பிறகு புறநகரில் வீடு கட்டிக்கொண்டு, பின்பக்கம் நாலு முருங்கை, ரெண்டு வாழை, மூன்று கோழி என்று இருக்கிறோம். பேரப் பிள்ளைகளுக்குக் கோழி என்றால் உயிர். அந்தக் கோழிக்கு ஒரு நாள் கண் வீங்கிவிட்டால் என்ன செய்வது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்த காரியங்களால் ஒரு கோழியை இழந்தேன். அந்த அனுபவத்தையும், பிறகு டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

நடந்தது இதுதான்

எங்கள் வீட்டில் ராணி, கருப்பி, புள்ளி என்று மூன்று பெட்டைக் கோழிகள் இருந்தன. பெயர் வைத்தது பேத்தி. சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'ஆட்வடி பாஜார்' என்று இங்கே சொல்லும் வாரச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனவன், ஒரு நல்ல சிவப்புச் சேவலைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்துவிட்டேன். அது லேசாகத் தும்மிக்கொண்டிருந்தது. 'குளிர்காலம், சளி பிடித்திருக்கும்' என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அன்று மாலையே மற்றக் கோழிகளோடு கூண்டில் விட்டேன்.

புதன்கிழமை காலையில் பேத்தி ஓடிவந்து, "தாத்தா, ராணி ஒரு கண்ணை மூடிக்கிட்டே நிக்குது" என்றாள். போய்ப் பார்த்தேன். இடது கண் மூடியிருந்தது. ஓரத்தில் நீர். தூசி விழுந்திருக்கும் என்று முடிவு செய்தேன். எனக்குப் போன வருஷம் கண்புரை அறுவை நடந்தது. அப்போது கொடுத்த சொட்டு மருந்து பாட்டிலில் கொஞ்சம் மீதி இருந்தது. 'மனுஷக் கண்ணுக்கு ஆகிற மருந்து கோழிக் கண்ணுக்கு ஆகாதா' என்று அன்று மாலையும் மறுநாள் இரண்டு வேளையும் விட்டேன். என் மனைவி, "ஏங்க, தெரியாத வைத்தியம் வேண்டாம், டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கோழிக்கு ஒரு டாக்டரா என்று சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை ராணியின் முகம் ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. மூக்கில் பிசின் மாதிரி சளி. கிட்டே போனால் ஒரு கெட்ட வாடை. புள்ளிக்கும் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமை இரண்டையும் கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனேன்.

அங்கே இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். ராணியைத் துண்டில் சுற்றிப் பிடிக்கச் சொல்லி, ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டு ஒன்றை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிருமாம். நல்ல வேளை, புண் இல்லை. நான் கொண்டு போயிருந்த சொட்டு மருந்து பாட்டிலை வாங்கிப் படித்துவிட்டு, "காகா, இதில் ஸ்டீராய்டு இருக்கிறது. கருவிழியில் புண் இருந்து இதை விட்டிருந்தால், புண் ஆறாமல் கண்ணே போயிருக்கும்" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது.

பிறகு கேட்டார்: "புதிதாகக் கோழி ஏதாவது வாங்கினீர்களா?" சேவலைச் சொன்னேன். நாள் கணக்குப் போட்டார். "வந்தது அந்தச் சேவலோடுதான்" என்றார்.

நோயின் பெயர் கொரைசா. ஒரு பாக்டீரியாக் கிருமியால் வரும் தொற்றுச் சளி. கிருமி உள்ளே போன ஒன்று முதல் மூன்று நாளில் முகம் காட்டிவிடும். ஞாயிறு வந்த சேவல், புதன் மூடிய கண். கணக்கு சரியாக இருந்தது. ரயில்வேயில் ஒரு புதிய ரயிலைச் சோதிக்காமல் தண்டவாளத்தில் போடச் சம்மதித்திருப்பேனா? என் வீட்டுக் கூண்டில் மட்டும் சம்மதித்தேன்.

புள்ளி போன விதம்

தண்ணீரில் கலந்து கொடுக்கும்படி டாக்டர் மருந்து எழுதினார். அதை ஒழுங்காக அளந்து கலந்து கூண்டில் வைத்தேன். ஞாயிறு முழுதும் வைத்தேன். திங்கள் இரவு புள்ளி இறந்துவிட்டது.

டாக்டரிடம் போன் செய்து கேட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அதற்கு இரண்டு கண்ணும் மூடியிருந்ததா?" ஆமாம், ஞாயிறு காலையிலிருந்தே இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தது. "அப்படியானால் அது தண்ணீரைக் குடித்திருக்கவே முடியாதே" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. கோழி மோப்பம் பிடித்து இரை தேடும் பிராணி அல்ல. கண்ணால் பார்த்துத்தான் கொத்தும், குடிக்கும். மருந்து தண்ணீரில் இருந்தது. தண்ணீர் தட்டில் இருந்தது. தட்டு எங்கே இருக்கிறது என்று புள்ளிக்குத் தெரியவில்லை. கொரைசா பெரும்பாலும் தானாகக் கோழியைக் கொல்லும் நோய் அல்ல. கண் தெரியாமல் பசியும் தாகமும் சேர்ந்துதான் கொன்றிருக்கிறது. பேத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "புள்ளிக்கு நாம தண்ணி காட்டலையா தாத்தா?" அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து ராணியை மடியில் வைத்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் மருந்துத் தண்ணீரில் அலகு நுனியை மட்டும் தொட்டுக் காட்டினோம். நுனி நனைந்ததும் அதுவே குடித்தது. ஊற வைத்த தீவனத்தைக் கையில் வைத்து அலகில் படும்படி நீட்டினோம். பத்தாம் நாள் கண் திறந்தது.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

கோழியின் கண் எப்படி அமைந்திருக்கிறது?

நமக்கு மேல் இமைதான் கீழே இறங்கி மூடும். கோழிக்குக் கீழ் இமைதான் மேலே ஏறி மூடும். இவை தவிர மூன்றாவதாக ஒரு இமை உண்டு. கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சவ்வு. மூக்குப் பக்க மூலையிலிருந்து பக்கவாட்டில் ஓடிக் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பும். மோட்டார் வண்டியின் வைப்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பார்த்து 'கண்ணில் வெள்ளைப் படலம்' என்று பயப்பட வேண்டாம். அது போய்ப் போய் வந்தால் ஆரோக்கியம். பாதியிலே நின்றுவிட்டால்தான் கோளாறு.

இன்னொன்று முக்கியம். கண்ணுக்குக் கீழே தோலுக்கு உள்ளே ஒரு காற்றறை இருக்கிறது. மூக்கோடு தொடர்புள்ளது. அதன் வெளிப்பக்கம் எலும்புச் சுவர் கிடையாது, தோலும் சதையும்தான். மூக்கில் சளி கட்டினால் அந்த அறை நிரம்பி வெளியே புடைக்கும். ஆகவே நாம் 'கண் வீக்கம்' என்று நினைப்பது பல நேரம் கண்ணின் நோயே அல்ல. மூச்சுப் பாதையின் நோய். கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டுக்கொண்டிருந்தால் தீராது. நான் செய்த முதல் தவறு இதுதான்.

எந்தக் கோளாறு, எப்படித் தெரியும்?

டாக்டர் சொன்னதை ஒரு இன்ஸ்பெக்ஷன் நோட் மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்.

1. தூசி, உமி, கொத்துக்காயம்: ஒரு கண்ணில் மட்டும் இருக்கும். கோழி மற்றபடி சுறுசுறுப்பாக மேயும். மற்றக் கோழிகளுக்கு எதுவும் இராது.

2. அம்மோனியா வாயு: எச்சம் ஈரத்தோடு மக்கும்போது கிளம்புவது. குளிருக்கென்று கூண்டைச் சுற்றி பாலித்தீன் கட்டி அடைத்துவிடுகிறோம் அல்லவா, அப்போது வரும். பல கோழிகளுக்கு இரண்டு கண்ணிலும் எரிச்சலும் நீரும் இருக்கும். முற்றினால் கருவிழி வெளுக்கும். சோதனை எளிது: காலையில் கூண்டைத் திறந்ததும் கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால் இரவெல்லாம் உள்ளே இருந்த கோழியின் கண் என்ன பாடு பட்டிருக்கும்!

3. வைட்டமின் ஏ குறைவு: நம் வீடுகளில் இது அதிகம் நடக்க வாய்ப்புண்டு. மீதிச் சோறும் நொய்யரிசியும் மட்டுமே போட்டு வளர்த்தால் வரும். முதலில் கண்ணில் நீர், பிறகு இமைக்கு அடியில் பனீர்க் கட்டி போல வெள்ளையாகத் திரளும். வாய்க்குள் சிறு வெள்ளைப் பொட்டுகள் தெரியும். கீரை, முருங்கைத் தழை, மஞ்சள் மக்காச்சோளம் ஆகியவை தினமும் கிடைத்தால் இது வராது.

4. கொரைசா: மூக்கில் பிசுபிசுத்த சளி, முக வீக்கம், தும்மல், கெட்ட வாடை. ஒன்றிரண்டு நாளில் அடுத்த கோழிக்குத் தாவும். முட்டை குறையும்.

5. மைகோபிளாஸ்மா எனும் நாட்பட்ட மூச்சுநோய்: கண் மூலையில் சோப்பு நுரை போன்ற குமிழிகள். இரவில் கூண்டருகே நின்றால் மூச்சில் கர் கர் என்று சத்தம். மெதுவாகப் பரவும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும்.

6. கோழி அம்மை: கொண்டை, தாடி, இமை ஆகிய முடியில்லாத இடங்களில் மரு போன்ற கொப்புளங்கள், பிறகு பொருக்கு. இமையில் வந்தால் கண் ஒட்டிக்கொள்ளும். கொசு பரப்புவதால் மழைக்குப் பின் அதிகம். இது வைரஸ் நோய். மருந்தால் வைரஸ் சாகாது. மேல்தொற்று வராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவை சில வாரங்களில் தேறும். வாய்க்குள்ளும் படலம் கட்டினால் ஆபத்து.

7. கண்புழு: மூன்றாம் இமைக்கு அடியில் மெல்லிய வெள்ளை நூல் போல நெளியும். இதன் முட்டையைத் தின்ற கரப்பான் பூச்சியைக் கோழி தின்பதால் வருவது.

8. மாரெக் நோய்: வீக்கமோ நீரோ இருக்காது. விழியின் நிறம் சாம்பலாகி, பாவை வட்டம் கோணல் மாணலாகும். குணமாகாது. குஞ்சு பொரித்த முதல் நாளே போடும் தடுப்பூசிதான் வழி.

9. வெள்ளைக்கழிச்சல்: இதைத்தான் டாக்டர்கள் ராணிக்கேத் நோய் என்கிறார்கள். குமாவுன் மலையில் காத்கோதாம் ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறிப் போனால் வரும் ராணிக்கேத் ஊர்ப்பெயர்தான் அது. 1920-களின் பிற்பகுதியில் அங்கே கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர் நிலைத்தது. மற்ற நாடுகளில் நியூகாஸில் நோய் என்பார்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், வாய் திறந்து மூச்சு, பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் சிறகு விழுதல். கொத்துக் கொத்தாகச் சாகும். மணப்பாறைப் பக்கம் எங்கள் ஊரில், நான் சிறுவனாக இருந்தபோது, என் அம்மா வளர்த்த பதினாறு கோழிகளும் ஒரே வாரத்தில் போனது இதனால்தான் என்று இப்போது புரிகிறது. அம்மா அழுதது இன்றும் நினைவில் இருக்கிறது. அந்தக் கோழிகள்தான் எங்கள் பள்ளிக்கூடச் செலவு.

'ராணிக்கேத்' என்ற பெயரை டாக்டர் உச்சரித்ததும் பேத்தி, "எங்க ராணி பேர்ல நோய் இருக்கா?" என்று பதறிப் போனாள். அவள் கோழிக்கு வந்தது அது இல்லை என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம்.

10. பறவைக் காய்ச்சல்: தலை வீங்கும், கொண்டையும் தாடியும் நீலம் பாயும், எந்த அறிகுறியும் காட்டாமலே திடீரென்று பல கோழிகள் சாகும். இந்தியாவில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில், நம் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் உறுதியானது. சூரத் - புசாவல் பாதையில் பாதி மகாராஷ்டிரம், பாதி குஜராத் என்று எல்லைக்கோடு குறுக்கே ஓடும் ரயில் நிலையம் அது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அப்போது லட்சக்கணக்கில் கோழிகளை அழிக்க வேண்டி வந்தது. இந்தச் சந்தேகம் இருந்தால் கோழியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகக் கூடாது. வெறும் கையால் தொடவும் கூடாது. கால்நடைத் துறைக்குத் தகவல் சொன்னால் அவர்களே வந்து மாதிரி எடுப்பார்கள். இதற்கான உயர்பாதுகாப்புப் பரிசோதனைக்கூடம் போபாலில் இருக்கிறது.

டாக்டரிடம் போகும் வரை என்ன செய்யலாம்?

முதலில் பிரித்து வைக்க வேண்டும். நோய்ப்பட்ட கோழிக்குத் தனிப் பெட்டி, தனித் தண்ணீர், தனித் தீவனம். நல்ல கோழிகளை முதலில் கவனித்துவிட்டு, நோய்க்கோழியிடம் கடைசியாகப் போக வேண்டும். வரிசை மாறினால் நாமே கிருமியைத் தூக்கிப் போகும் டிராலி ஆகிவிடுவோம்.

பிடிக்கும்போது துண்டில் சிறகு அடிக்காதபடி சுற்றுங்கள். ஆனால் மார்பை அழுத்தக் கூடாது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் கோழிக்குக் கிடையாது; மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு முட்டிவிடும்.

கண்ணைக் கழுவ மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் சிறந்தது. இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, நாலரை கிராம் உப்பு கரைத்துக்கொள்ளலாம். பஞ்சை நனைத்து, ஒட்டியிருக்கும் பீளையின் மேல் இரண்டு நிமிடம் வைத்தால் தானாக இளகும். பிய்த்து எடுக்கக் கூடாது. ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மறு கண்ணுக்கு வைக்கக் கூடாது.

கண் மூடியிருந்தால் கையால் ஊட்டுங்கள். இதை நான் இரண்டு தரம் சொன்னாலும் தகும். தண்ணீரை வாய்க்குள் ஊற்றிவிடாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அலகு நுனி நனைந்தால் போதும்.

செய்யக் கூடாதவை: வீட்டில் மீந்திருக்கும் மனிதக் கண் மருந்து, சின்ன வெங்காயச் சாறு, எலுமிச்சை, கற்பூரம், மண்ணெண்ணெய். என் அம்மா காலத்தில் வெங்காயச் சாறுதான் விடுவார்கள். கோழி துள்ளும், நோய் துள்ளிப் போகாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அம்மைக் கொப்புளத்தின் மேல் பூசுவது வேறு. அதைக் கண்ணுக்குள் போடுவது வேறு.

எங்கள் ராணிக்குக் கொடுத்த மருந்தின் பெயரையும் அளவையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நோய்க்கு நோய், எடைக்கு எடை மாறும். இன்னொரு விஷயம்: மருந்து கொடுக்கும் நாட்களிலும், நிறுத்திய பின் டாக்டர் சொல்லும் நாள் வரையிலும் அந்த முட்டையைச் சாப்பிடக் கூடாது. மருந்து முட்டையில் இறங்கும். பேரப்பிள்ளைக்கு ஆம்லெட் போட்டுக் கொடுப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

கோழியைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் உங்கள் கண்ணைத் தொடாதீர்கள். கொரைசா மனிதருக்கு வராது. ஆனால் ராணிக்கேத் கிருமி மனிதர் கண்ணில் பட்டால் சில நாள் கண் சிவந்து உறுத்தும். என்ன நோய் என்று தெரியும் முன் கைதான் முதலில் சுத்தமாக இருக்க வேண்டும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு இது ஒரு தனிச் சங்கடம். பாஷை தெரியாமல் 'முர்கி பீமார்' என்று மட்டும் சொல்லி நின்றால் டாக்டர் என்ன செய்வார்? இங்கே மராத்தியில் கண்ணுக்கு 'டோளா'. கண் வீங்கியது என்பதற்கு 'டோளா சுஜ்லா'. ஹிந்தியில் 'ஆங்க் சூஜ் கயீ'. இதற்கு மேல் பாஷை வராதவர்கள் கீழ்க்கண்டவற்றை ஒரு துண்டுச் சீட்டில், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டாவது எழுதி எடுத்துப் போங்கள்: கோழியின் வயது, ஒரு கண்ணா, இரண்டு கண்ணா, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எத்தனை கோழிகளில் எத்தனைக்கு, தும்மல், வாடை, கழிச்சல் உண்டா, என்ன தீவனம், என்ன தடுப்பூசி போட்டது, கடந்த ஒரு மாதத்தில் புதுக்கோழி வந்ததா, நாமாக ஏதாவது மருந்து கொடுத்தோமா. கடைசிக் கேள்வியை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எடையும் தெரிந்தால் நல்லது. சமையலறைத் தராசு போதும். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி பற்றித் தகவல் கிடைக்கிறது.

வருமுன் காப்பது

தண்டவாளத்தில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தன் எல்லை முழுதும் நடந்து, கழன்ற சாவியை அடித்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வருவார். அவர் நடப்பதால்தான் நாம் ரயிலில் நிம்மதியாகத் தூங்குகிறோம். கோழிக்கும் தினம் ஒரு கீமேன் ரவுண்டு வேண்டும். காலையில் கூண்டைத் திறந்ததும் ஐந்து நிமிடம்: இரண்டு கண்ணும் திறந்திருக்கிறதா, மூக்கு உலர்ந்திருக்கிறதா, எல்லாம் ஓடி வந்து கொத்துகின்றனவா, எச்சம் எப்படி இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது இந்த டியூட்டி பேத்திக்கு. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறாள்.

புதுக்கோழி வந்தால் முப்பது நாள் தனியே, தள்ளி வைக்க வேண்டும். கூண்டில் காற்றோட்டம் வேண்டும். குளிர்காற்று நேராக அடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து, மேலே திறப்பு விடுங்கள். தரையில் உலர்ந்த உமி போட்டு, நனைந்ததை உடனே வாரிவிடுங்கள். கொசு முட்டையிடும் தேங்கிய தண்ணீர் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தடுப்பூசி: ராணிக்கேத் நோய்க்குக் குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, பிறகு சுமார் எட்டாவது வாரத்தில் ஊசி. அம்மைக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் சிறகுச் சவ்வில் குத்துவார்கள். நம் ஊர்ப் பக்கம் இவற்றை எல்லோரும் அறிவார்கள். இங்கே வந்து மறந்துவிட்டோம். ஒரு சங்கடம், தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கு என்று வரும். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். மூன்று கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார்? நமது சங்கத்துக் குடும்பங்கள் பத்துப் பேர் ஒரே நாளில் சேர்ந்து டாக்டரை அழைத்தால் முடிந்தது. பொங்கல் விழாவுக்குக் கூடுகிறோம், இதற்குக் கூடக் கூடாதா? விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணில் ஏன் சொட்டு விடுகிறார்கள் என்று டாக்டரைக் கேட்டேன். கோழியின் கண்குழிக்குள் ஒரு சுரப்பி இருக்கிறதாம். நோயை எதிர்க்கும் சக்தியை அந்த இடத்திலேயே உண்டாக்கும் வேலை அதற்கு உண்டு. நோய் முகம் காட்டும் அதே கண் வழியாகத்தான் காவலும் உள்ளே போகிறது!

முடிவாக

புள்ளியை முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம், ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்புத் தூள் போட்டுப் புதைத்தோம். ராணி தேறிவிட்டது. கருப்பிக்கு லேசாகத் தும்மல் வந்து நின்றது. சேவலும் இருக்கிறது. ஆனால் கொரைசாவிலிருந்து தேறிய கோழி, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், கிருமியை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் என்றார் டாக்டர். சந்தைச் சேவலும் அப்படித்தான் வந்தது. ஆகவே எங்கள் கூண்டுக்கு இனி புதுக்கோழி வரவும் முடியாது. இங்கிருந்து ஒரு கோழியை யாருக்கும் கொடுக்கவும் முடியாது. சங்க நண்பர் ஒருவர் பெட்டை ஒன்று கேட்டார். மறுத்தேன், அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இந்த நோய் முட்டை வழியாகப் பரவாது என்பதை டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, சுத்தமான முட்டைகள் ஆறு கொடுத்தனுப்பினேன். அவர் மைத்துனர் வீட்டு அடைக்கோழி நான்கைப் பொரித்திருக்கிறது.

அதில் ஒன்றுக்கு உடம்பெல்லாம் புள்ளியாம். பேத்தி அதைப் பார்க்க வேண்டும் என்றாள். அழைத்துப் போனேன். கிளம்பும் முன் அவளே செருப்பைக் கழற்றிவிட்டு வேறு செருப்பு மாட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "தாத்தா, நீங்களும் கழுவுங்க" என்றாள். கழுவினேன்.